குற்றச்சாட்டு வேறு, சான்று வேறு

கல்முனைக்கும் காரைதீவுக்கும் இடையே, கடலோரப் பெருந்தெருவின் இருமருங்கும் அமைந்துள்ள ஊர் சாய்ந்தமருது. கல்முனைப் பகுதியில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு அது அயலூர். அங்குள்ள முஸ்லிம் குடும்பம் வாங்கும் அரிசியும் தேங்காய் எண்ணெயும் காஸ் சிலிண்டரும், நமது குசினிக்கு வரும் அரிசியும் எண்ணெயும் சிலிண்டரும் ஒரே சந்தைக்கு வந்து இறங்குபவை. நிறுவையில் குறை இருந்தால் இரு வீட்டுக்கும் அது குறைதான். பொருளில் கலப்படம் இருந்தால் இரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது கேடுதான். அதேபோல, இரவுச் செய்தியில் ஓர் அவதூறு ஏறிவிட்டால், அது இவ்விரு வீடுகளுக்கும் நடுவே மதில் எழுப்பிவிடும்.

ஆகவே, தொலைக்காட்சி "கண்டுபிடித்தோம்" என்று சொல்லும்போது நாம் எதை ஏற்பது, எதை நிறுத்திக் கேட்பது என்பது ஒவ்வொரு குடும்பமும் படித்துக்கொள்ள வேண்டிய பாடமாகும். அதுவே இவ்வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் விடயம்.

பாவனையாளர் புலனாய்வு என்றால் என்ன?

இலங்கையில் 1979ஆம் ஆண்டு சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982ஆம் ஆண்டு ரூபவாகினியும் தொடங்கின. 1998ஆம் ஆண்டு சக்தி தொலைக்காட்சி தமிழில் வந்தது. பாட்டும் நாடகமும் பார்க்கவென்று வாங்கிய பெட்டியில், காலப்போக்கில் மக்களின் குறைகளும் ஒலிக்கத் தொடங்கின. மருந்தில்லாத வைத்தியசாலை, பாதியில் நின்ற வீதி, கட்டுப்பாட்டு விலையை மீறிய அரிசி என்று எத்தனையோ காட்சிகளை நாம் பார்த்திருக்கிறோம்.

இவற்றுள் பெரும்பாலானவை முறைப்பாடுகளே, புலனாய்வு அல்ல. ஒருவர் தமக்கு நேர்ந்த குறையைச் சொல்லுகிறார். கமெரா அதைப் பதிவு செய்கிறது. அதுவும் பயனுள்ள பணிதான். ஆனால் புலனாய்வு அதற்கு அப்பால் செல்ல வேண்டும். ஒருவருக்கு நேர்ந்தது வேறு பலருக்கும் நேர்ந்ததா? அவை அனைத்துக்கும் காரணம் ஒன்றா? அக்காரணத்தை அறிந்தும் மறைத்தவர் உண்டா? குற்றம் சாட்டப்பட்டவர் என்ன பதில் சொல்லுகிறார்? இந்நான்கு கேள்விகளுக்கும் கடதாசியும் பொருளும் கொண்டு விடை தேடுவதுதான் புலனாய்வு.

ஓர் உள்ளூர் நிலையம் செய்த வேலை

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள ஹூஸ்டன் நகரில் கே.எச்.ஓ.யு. என்றொரு உள்ளூர் தொலைக்காட்சி நிலையம் உண்டு. அங்கு கடமையாற்றிய செய்தியாளர் அன்னா வேர்னரும் அவருடைய குழுவினரும், போர்ட் எக்ஸ்ப்ளோரர் வாகனங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே டயரின் மேற்பட்டை உரிந்து, வாகனம் புரண்டு, உயிர்கள் பலியான விபத்துக்களை ஆராய்ந்தனர். விபத்துக்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நெடுஞ்சாலையில், வெவ்வேறு நாளில் நடந்தவை. தனித்தனியாக நோக்கினால் சாரதியின் வேகம் என்றோ, விதியின் விளையாட்டு என்றோ சொல்லிவிடலாம்.

அக்குழுவினர் நீதிமன்றக் கோவைகளைத் தேடினர். பாதிக்கப்பட்ட குடும்பங்களைச் சந்தித்தனர். டயர் பற்றி அறிந்த நிபுணர்களிடம் கேட்டனர். பயர்ஸ்டோன் கம்பனியின் குறித்த வகை டயர்களே மீண்டும் மீண்டும் வந்து நின்றன. 2000ஆம் ஆண்டு பெப்ரவரி 7ஆம் திகதி அச்செய்தி ஒளிபரப்பாகியது. கம்பனி கடும் மறுப்புக் கடிதம் அனுப்பியது. நிலையம் பின்வாங்கவில்லை. நிகழ்ச்சியைப் பார்த்த மக்கள் தொலைபேசியில் அழைத்துத் தமக்கு நேர்ந்ததையும் சொன்னார்கள். அவர்களை அரசாங்கத்தின் வீதிப் பாதுகாப்பு நிருவாகத்துக்கும் முறையிடுமாறு நிலையம் வழிகாட்டியது.

அவ்வாண்டு மே மாதம் அரசாங்க விசாரணை ஆரம்பமாகியது. ஆகஸ்ட் 9ஆம் திகதி 65 இலட்சம் டயர்களைத் திருப்பியழைப்பதாகக் கம்பனி அறிவித்தது. நவம்பர் 1ஆம் திகதி, வாகன உற்பத்தியாளர் தமக்குத் தெரியவரும் குறைபாடுகளை அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டும் எனும் புதிய சட்டமும் கையொப்பமாகியது. அந்த டயர்களோடு தொடர்புபட்ட விபத்துக்களில் இறந்தோர் தொகை அமெரிக்காவில் மட்டும் 270க்கு மேல் எனப் பின்னர் கணக்கிடப்பட்டது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மக்கள் அழைத்துச் சொன்னார்கள் என்பதற்காக மட்டும் அச்செய்தி உண்மையாகிவிடவில்லை. எந்த வாகனம், எந்த டயர், எந்த நாள் என்று ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. உரிந்த டயர் கையில் இருந்தது. வழக்குக் கோவை கையில் இருந்தது. ஆகையால்தான் பெரிய கம்பனியின் கடிதத்துக்கு முன் சிறிய நிலையம் நிமிர்ந்து நிற்க முடிந்தது.

வெடி வைத்து எடுத்த படம்

இதே அமெரிக்காவில், இதே வாகனத் துறையில், இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் நடந்தது. 1992ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் திகதி, நாடு முழுவதும் ஒளிபரப்பும் என்.பி.சி. நிறுவனம் தனது டேட்லைன் நிகழ்ச்சியில், ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியின் சிறு லொறிகள் பக்கவாட்டில் மோதப்பட்டால் தீப்பற்றும் என்று காட்டியது. மோதல் நடந்தது, தீச்சுவாலை எழுந்தது, பார்த்தோர் திகைத்தனர்.

ஆனால் அந்தச் சுவாலை தவறாமல் எழ வேண்டுமென்று, படம் எடுத்தவர்கள் லொறியின் அடியில் தீப்பொறி எழுப்பும் சிறு கருவிகளைப் பொருத்தியிருந்தார்கள். அதைப் பார்ப்போருக்குச் சொல்லவில்லை. சோதனைக்குப் பயன்பட்ட வாகனங்களைக் கம்பனி தேடிக் கண்டுபிடித்து, ஆராய்ந்து, வழக்குத் தொடர்ந்தது. 1993ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி அதே நிகழ்ச்சியில் நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அடுத்த மாதம் அதன் செய்திப் பிரிவுத் தலைவர் பதவி விலகினார்.

இதில் நட்டமடைந்தவர் யார்? நிறுவனம் மட்டுமா? அந்த லொறிகளின் எண்ணெய்த் தாங்கி, வாகனச் சட்டகத்துக்கு வெளியே, மோதல் படும் இடத்தில் இருந்தது என்பது உண்மை. தீ விபத்தில் உறவுகளை இழந்த குடும்பங்களும் உண்மையிலேயே இருந்தன. அவர்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது. ஒரு பொய்ப்படம் அந்த நியாயத்தின்மீதே சந்தேகத்தைப் பூசிவிட்டது. நல்ல நோக்கத்துக்காகச் சேர்க்கப்பட்ட பொய், முதலில் பாதிக்கப்பட்டவரையே கைவிடுகிறது.

நமது குசினியில் நடந்தது

இனி நமது நாட்டுக்கு வருவோம். 2021ஆம் ஆண்டின் முற்பகுதியில் சந்தைக்குப் புதிய காஸ் சிலிண்டர் ஒன்று வந்தது. நாம் பழகிய சிலிண்டரில் 12.5 கிலோ காஸ். விலை 1,493 ரூபா. புதியதன் அளவு 18 லீற்றர் எனக் கூறப்பட்டது. விலை 1,395 ரூபா. 98 ரூபா மலிவு என்றே பார்த்தவுடன் தோன்றும். ஆனால் புதியதில் இருந்த காஸின் நிறை 9.18 கிலோ மாத்திரமே. ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று கணக்கிட்டால், பழையதில் ஏறக்குறைய 119 ரூபா. புதியதில் ஏறக்குறைய 152 ரூபா. கிலோவை லீற்றராக மாற்றிச் சொன்னதும் மலிவு போலத் தோன்றியது, உண்மையில் விலையேற்றமே.

இதைக் கண்டுபிடிக்க இரகசியக் கமெரா எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பென்சிலும் ஒரு துண்டுக் கடதாசியும் போதும். பாவனையாளர் புலனாய்வின் பெரும்பகுதி இத்தகைய எளிய கணக்குத்தான்.

அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் நிலைமை பாரதூரமாகியது. நாட்டின் பல பகுதிகளில் காஸ் அடுப்புகள் வெடித்தன, கண்ணாடி அடுப்புகள் நொறுங்கின, உயிரிழப்பும் நேர்ந்தது. கிழக்கு மாகாணமும் தப்பவில்லை. ஒரு வீட்டில் மாத்திரம் நடந்திருந்தால் வீட்டுக்காரியின் கவனக்குறைவு என்றே அயலவர் சொல்லியிருப்பர். அவளும் அப்படியே நம்பியிருப்பாள். ஆனால் மக்கள் தமது கைத்தொலைபேசியில் எடுத்த படங்களும் பிரதேசச் செய்தியாளர் அனுப்பிய காட்சிகளும் நாள்தோறும் செய்தியில் அடுத்தடுத்து வந்தபோது, தனித்தனி விபத்துக்கள் ஒரே வரிசையில் நின்றன. "காரணம் ஒன்றா?" என்ற கேள்வி எழுந்தது. அரசாங்கம் நிபுணர் குழுவொன்றை நியமிக்க வேண்டி வந்தது.

காஸின் கலவையில் செய்யப்பட்ட மாற்றமே முக்கிய காரணம் என்று அக்குழு கூறியது. நாம் சமையலுக்குப் பாவிக்கும் காஸ், புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரண்டின் கலவை. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும். குறைந்த அமுக்கத்துக்கு ஏற்றதாக இருந்த குழாய்களிலும் இணைப்புகளிலும் கசிவு ஏற்படும். கசிந்த காஸ் காற்றைவிடப் பாரமானது. மேலே எழும்பிப் போகாமல் நிலமட்டத்தில் தேங்கும். ஒரு தீப்பொறி பட்டால் போதும். கசிவை மூக்கால் அறிவதற்கென்றே எதைல் மெர்கப்டன் எனும் மணப்பொருள் சேர்க்கப்படுகிறது. அது போதியளவு இருந்ததா என்பதும் அந்நாட்களில் பெரும் கேள்வியாகியது.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் நிறைவேற்றுப் பணிப்பாளராக இருந்த துஷான் குணவர்தன, கலவை மாற்றம் பற்றி முன்னரே எச்சரித்தவர். அவர் வெடிப்புகள் பெருகுவதற்கு முன்பே, அதே ஆண்டு செப்டெம்பரில் பதவி விலகிவிட்டார். அதிகாரத்தின் உள்ளே இருந்து உண்மை சொல்பவர், அடுப்பங்கரையில் வெடிப்பைக் கண்ட தாய், படத்தை அனுப்பிய ஊர்ச் செய்தியாளர், காரணத்தை ஆய்ந்த நிபுணர் ஆகிய நால்வரும் சேர்ந்தால்தான் சான்று முழுமை பெறும். தொலைக்காட்சி இவர்களை ஒன்றுசேர்க்கும் மேடை.

சாய்ந்தமருது கற்பித்ததும், நாடு மறந்ததும்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் நடந்த கொடுமையை நமது குடும்பங்களுக்கு எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஐந்து நாட்களின் பின், ஏப்ரல் 26ஆம் திகதி இரவு, அக்கொடுமையைச் செய்தவர்களைச் சேர்ந்தோர் சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோது பாதுகாப்புப் படையினரால் சுற்றிவளைக்கப்பட்டனர். அவர்கள் குண்டுகளை வெடிக்க வைத்ததில் சிறுவர்கள் உட்படப் பலர் மாண்டனர். உலகத் தொலைக்காட்சிகள் அனைத்தும் அடுத்த நாள் இச்சிற்றூரின் பெயரைச் சொல்லின.

படையினர் அவ்வீட்டுக்கு எப்படி வந்தார்கள்? புதிதாகக் குடிவந்தவர்களைப் பற்றி ஊர்மக்கள் ஐயுற்றனர், நேரில் சென்று விசாரித்தனர், அதிகாரிகளுக்கு அறிவித்தனர். அவ்வூர் முஸ்லிம் மக்கள் செய்தது, நாம் மேலே கூறிய புலனாய்வின் இலக்கணத்துக்கு அப்படியே பொருந்துகிறது. கண்ணால் கண்டதைக் கொண்டு கேட்டார்கள். கேட்டதை உரியவரிடம் சொன்னார்கள். குறித்த ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னார்களேயன்றி, ஒரு கூட்டத்தாரைப் பற்றியல்ல.

ஒரு மாதம் சென்றது. மே 23ஆம் திகதி, ஒரு சிங்கள நாளிதழின் முன்பக்கத்தில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் நாலாயிரம் சிங்களப் பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற செய்தி வந்தது. தொலைக்காட்சிகளும் அதைப் பேசின. குருநாகல் வைத்தியசாலையில் கடமையாற்றிய வைத்தியர் ஷாபி சிஹாப்தீன் கைதானார். செய்தி பரவியதும் நூற்றுக்கணக்கான பெண்கள் முறைப்பாடு செய்தனர். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்து, அக்குற்றச்சாட்டுக்குச் சான்று இல்லையென நீதிமன்றத்துக்கு அறிவித்தது. ஜூலை மாதம் அவர் பிணையில் வெளிவந்தார். நிறுத்தி வைக்கப்பட்ட சம்பளம் 2022ஆம் ஆண்டு அவருக்குக் கிடைத்தபோது, அந்தப் பணம் முழுவதையும் வைத்தியசாலைகளுக்கு மருந்து வாங்கக் கொடுத்தார்.

ஹூஸ்டனிலும் செய்தியைப் பார்த்துப் பலர் முறையிட்டனர். குருநாகலிலும் பலர் முறையிட்டனர். அங்கே முறைப்பாட்டுக்குப் பின்னால் உரிந்த டயர் இருந்தது. இங்கே, பயமுறுத்தும் ஒரு தலைப்பைக் கேட்டுத் தமது வாழ்வின் துயரத்துக்குக் காரணம் தேடிய உள்ளங்கள் இருந்தன. அந்தத் தாய்மாரைக் குறைகூறுவதற்கில்லை. சரிபார்க்காமல் எழுதியவர்களே பொறுப்பாளிகள். முறைப்பாடுகளின் தொகை எவ்வளவு பெரிதாயினும், ஒவ்வொன்றையும் சோதித்தறியும் வரை அது தொகை மாத்திரமே; சான்று ஆகாது.

குண்டுக்கு உறவுகளைப் பலிகொடுத்த சமூகத்தினர் நாம். நமது துயரத்தைக் காட்டி அயலவன்மீது பொய் சுமத்த யாராவது முன்வந்தால், அந்தப் பொய்யை முதலில் மறுக்க வேண்டியவர்களும் நாமே.

பார்க்கும்போது கேட்க வேண்டியவை

ஒரு நிகழ்ச்சியைப் பார்த்தபின் குடும்பத்தில் இக்கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்:

1. குற்றம் யார்மீது? குறித்த பொருள், குறித்த ஆள், குறித்த நாள் சொல்லப்பட்டதா? அல்லது "இவர்கள் எல்லாரும் இப்படித்தான்" என்று ஓர் இனமோ ஊரோ சுட்டப்பட்டதா?

2. சோதனை நடந்ததென்றால், எங்கே, யாரால் நடந்தது? ஆய்வுகூட அறிக்கை காட்டப்பட்டதா?

3. குற்றம் சாட்டப்பட்டவரின் பதில் கேட்கப்பட்டதா? அவர் மறுத்தால் அம்மறுப்பும் காட்டப்பட்டதா?

4. அகப்பட்டவர் யார்? தராசில் பிழைவிட்ட சிறு கடைக்காரர் மாத்திரமா? அவருக்குப் பொருள் அனுப்பிய பெரிய இறக்குமதியாளரிடமும் கேள்வி கேட்கப்பட்டதா? தொலைக்காட்சி விளம்பரத்தால் வாழ்வது. விளம்பரம் கொடுப்பவரிடம் கேட்கத் துணிந்த நிலையமே நம்பிக்கைக்குரியது.

5. அடுத்த வாரம் அதைத் தொடர்ந்ததா? பிழை நேர்ந்திருந்தால், குற்றஞ்சாட்டிய அதே உரத்த குரலில் திருத்தியதா?

முறையிடும்போது செய்ய வேண்டியவை

நமக்கு ஒரு குறை நேர்ந்தால் உடனே செய்தியாளரைத் தேடுவோர் பலர். கொழும்பிலிருந்து ஒளிபரப்பும் நிலையத்துக்கு ஒரு பிரதேசச் செய்தியாளர் அனுப்பக்கூடியது ஒன்றிரண்டு நிமிடக் காட்சியே. நமது கையில் சான்று இல்லாவிட்டால் அந்த இரண்டு நிமிடமும் வீணாகும்.

பொருள் வாங்கும்போது பற்றுச்சீட்டுக் கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. விலைப்பட்டியலைத் தெரியும்படி வைப்பதும் அவர் கடமை. பழக்கமான கடை, முகத்துக்கு அஞ்சிக் கேட்பதில்லை என்று சொல்லுவோருண்டு. நேர்மையான முதலாளி பற்றுச்சீட்டுக் கேட்டதற்காகக் கோபிக்கமாட்டார்.

பழுதான பொருளை எறிந்துவிட வேண்டாம். உறையையும் அதிலுள்ள தொகுதி இலக்கத்தையும் காலாவதித் திகதியையும் பாதுகாத்து வையுங்கள். என்ன நடந்தது என்று அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதுங்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள். பிறர் சொல்லக் கேட்டதைக் கலக்க வேண்டாம்.

முதலில் கடைக்காரரிடம் சொல்லுங்கள். அவருக்கே தெரியாத குறையாக இருக்கலாம். அவர் தீர்க்காவிட்டால், அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பது சட்டம். காலம் கடத்த வேண்டாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் அறிவிக்கலாம்.

அரசாங்க அலுவலகத்தின் செயலைப் பற்றிய ஐயமாயின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணைநிற்கிறது. வீதிக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு, எண்ணெய் மாதிரியின் ஆய்வு முடிவு என்ன என்று எந்தப் பிரசையும், காரணம் கூறாமலே, எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று தகவல் அலுவலர் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. தமிழிலேயே எழுதலாம்.

இத்தனையும் செய்தபின் செய்தியாளரிடம் செல்லுங்கள். அப்போது நீங்கள் அழுதுகாட்ட வந்தவராக அல்ல, சாட்சியாக நிற்பீர்கள். கமெரா போன பின்னும் அந்தக் கொப்பியும் பற்றுச்சீட்டும் உங்கள் பக்கம் பேசும்.

குடும்ப உரையாடலுக்கு

- சென்ற மாதம் தொலைக்காட்சியில் பார்த்த ஒரு குற்றச்சாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே கூறிய ஐந்து கேள்விகளில் எத்தனைக்கு அதில் விடை இருந்தது?
- நமது வீட்டில் பற்றுச்சீட்டுகள் எங்கே வைக்கப்படுகின்றன? சென்ற வாரம் வாங்கிய பால்மாவின் தொகுதி இலக்கத்தை இப்போது எடுத்துக்காட்ட முடியுமா?
- அயலவரைப் பற்றி ஒரு செய்தியை அண்மையில் யாருக்காவது அனுப்பினோமா? அது உண்மை என்று நமக்கு எப்படித் தெரியும்?